டம்ளர் தண்ணீருக்குள் ஒரு தொற்றுநோய்

[காட்சி: உச்சிப்புளிப் பக்கம் ஓர் ஊருணி. கண்ணாடி டம்ளரில் தண்ணீர்.]

வணக்கம். டம்ளரை வெயிலுக்கு நேரே பிடிக்கிறேன், பாருங்கள். தூசி மாதிரி புள்ளிகள். ஆனால் தூசி இப்படித் தத்தித் தத்தி மேலே ஏறாது. எல்லாம் குட்டிக் குட்டி நீர்ப்பூச்சிகள்: சிலது நீர்த்தெள்ளு, சிலது சைக்ளாப்ஸ்.

சைக்ளாப்ஸ் என்ற பேரைக் கேட்காத பெரியவர்களுக்கும் நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் தெரியும். அந்தப் புழுவின் குஞ்சு சைக்ளாப்ஸ் உடம்புக்குள்தான் வளரும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் தப்பலாம். இந்தியாவில் அது ஒழிந்துவிட்டது என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

சரி, இந்தப் பூச்சிகளுக்கே நோய் வந்தால்?

[காட்சி: மைக்ராஸ்கோப்பில் டாஃப்னியா.]

டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்கு உடம்பே கண்ணாடி. இதயம் துடிப்பது வெளியே தெரியும். 1884-இல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி இதற்குள் ஒரு பூஞ்சையைப் பார்த்தார். அதன் ஸ்போர், அதாவது விதை மாதிரியான துகள், நம்ம ஊர்க் கருவேல முள்ளைச் சின்னதாக்கின மாதிரி. பாசியோடு சேர்ந்து உள்ளே போய்க் குடலைக் குத்தும். ரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து விழுங்குவதையும் அவர் பார்த்தார். அணுக்கள் தோற்றால் உடம்பு முழுக்க வெள்ளை பூத்துவிடும். டாஃப்னியா செத்ததும் முட்கள் மறுபடி தண்ணீரில்.

இங்கேதான் அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். அமெரிக்க ஏரிகளில் ஆராய்ந்தபோது, செரியோடாஃப்னியா போன்ற சில நீர்த்தெள்ளு இனங்கள் அதே ஸ்போரை விழுங்கியும் லேசில் நோயாவதில்லை என்று தெரிந்தது. தண்ணீரைக் கூட்டிப் பெருக்கும் ஆள் மாதிரி. போதாததற்கு டாஃப்னியாவின் பாசிக்கும் பங்குக்கு வந்துவிடும். சாப்பாடு குறைந்தால் டாஃப்னியா கூட்டமும் குறையும், நோய் தாவ ஆள் கிடைக்காது. போட்டிக்காரன் செய்யும் உபகாரம்!

அதற்காக இனம் கூடினால் நோய் குறையும் என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். வந்த இனமும் அதே நோயைப் பரப்புவதாக இருந்தால் நிலைமை மோசமாகும். யார் வருகிறார் என்பதுதான் கணக்கு. மீன் வந்தால் நல்லது; வெள்ளை பூத்த டாஃப்னியாதான் அதன் கண்ணில் முதலில் படும், பொறுக்கித் தின்றுவிடும். கயோபரஸ் என்ற கொசு மாதிரிப் பூச்சியின் புழுவும் டாஃப்னியாவைத் தின்னும். ஆனால் அது தின்கிற லட்சணம்... சக்கையோடு ஸ்போரையும் தண்ணீரிலேயே துப்பிவிடும்.

[காட்சி: மறுபடி டம்ளர்.]

இந்த ஊருணியில் யார் யார் குடியிருக்கிறார்கள்? ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, இப்போதே எண்ணிப் பார்ப்போம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வா தம்பி.