மாமனார் சொன்ன யோசனை

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிரசங்கத்தில் ஒரு குறளைச் சொன்னால் போதும், ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்: "ஏன் ஐயா, வேதாகமத்தில் இல்லாததா?" குன்னூரிலும் கேட்டார்கள், கோத்தகிரியிலும் கேட்டார்கள். பக்தியோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற வேதமே வேறு மாதிரி நடந்துகொள்கிறதே!

அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அத்தேனே, அதாவது ஏதென்ஸ் பட்டணம் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு வைராக்கியம் கொண்ட அப்போஸ்தலர் பவுல், மார்ஸ் மேடையில் நின்று, "நாம் அவருடைய சந்ததியார்" என்ற வரியை எடுத்துப் பேசுகிறார். அது அராத்துஸ் என்ற கிரேக்கக் கவிஞர் சீயுஸ் தேவனைப் பற்றிப் பாடியது. "உங்கள் புலவர்களில் சிலர்" என்று பவுல் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்.

1859-ல் நம் ஊட்டிக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்திய ஜி.யு. போப் ஐயர், 1886-ல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெரிய உழைப்பு. ஆனால் வள்ளுவர் கிறிஸ்தவ போதகர்களிடம் கேட்டறிந்திருப்பார் என்று அவர் ஊகித்தாரே, அது எனக்கு ஒப்பவில்லை. வெளியே நல்லது ஒன்றைக் கண்டால் உடனே நம் பேருக்குப் பட்டா போட வேண்டுமா? பவுல் போடவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது யாத்திராகமம் 18. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் வழக்கோடு நிற்க, மோசே ஒருவரே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, மீதியானின் ஆசாரியன், ஒரே நாளில் சொல்லிவிடுகிறார்: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." இப்படியே போனால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆட்களை வையும், பெரிய வழக்கை மட்டும் நீர் பாரும் என்கிறார். எரிகிற செடியில் தேவனுடைய சத்தத்தைக் கேட்டவர் மோசே. 'எனக்கா யோசனை?' என்று அவர் கேட்கவில்லை, சொன்னபடி செய்தார். பத்துக் கட்டளை வருவதே அதற்குப் பிறகு, 20-ஆம் அதிகாரத்தில்தான்.

எத்திரோ அதற்கு முன்பே கர்த்தரைத் துதித்துவிட்டாரே என்பார்கள். துதித்தார், சரி. ஆனால் அந்த யோசனை தரிசனத்தில் வந்ததாக வேதம் சொல்லவில்லை. தேவனும் அப்படிக் கட்டளையிட்டால் செய்யும் என்று நிபந்தனை போட்டதும் அவரேதான்.

கொலோசெயர் 2:8-ம் இருக்கிறது. லௌகிக ஞானத்தால் கொள்ளைபோகாதிருங்கள் என்று அதே பவுல் எழுதினார். கிறிஸ்து இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கிற போதனையைப் பற்றிய எச்சரிக்கை அது. ஜாதகம் பார்க்கப் போகிறவரை அந்த வசனத்தைச் சொல்லித் தடுங்கள், நானும் கூட நிற்கிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவரைத் தடுக்காதீர்கள்.

பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், குழந்தையைத் தூக்கவே பயந்த ஒரு பெண்ணிடம், மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். தேயிலையில் கொப்புள நோய் வந்தால் தோட்டக்காரர்கள் சங்கமான உபாசிக்கு ஓடி மருந்து கேட்கிறவர்கள். கடைசியில் மாமியார்தான் அந்தப் பெண்ணை பஸ் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த அம்மாவும் ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்தான்.

நன்றி, வணக்கம்.