ஆடம்பரம் என்ற பறை

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி வரும்போது வழியில் ஒரு கலியாண வீடு. வாசலெல்லாம் மின்குமிழ்ச் சோடினை. மாப்பிள்ளை இறங்க முன்னமே மேளம் அதிர்கிறது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், "என்ன ஆடம்பரம்!" என்றார். அவர் பார்த்தது வெளிச்சத்தை. அந்தச் சொல் பிறந்ததோ மேளத்தில்!

ஆடம்பரம் வடமொழிச் சொல். அங்கே அது முதலில் ஒருவகைப் பறையின் பெயர். சுக்கில யசுர் வேதத்தில் பலதரப்பட்ட ஆட்களை வரிசையாகச் சொல்லும் ஓர் இடம் உண்டு. அதில் ஆடம்பரம் அடிப்பவனும் வருகிறான். பிறகு முரசின் முழக்கம், யானையின் பிளிறல் என்று பொருள் விரிந்தது. அப்புறம் ஆரவாரம், செருக்கு. கடைசியில் சத்தம் கழன்றுபோய், நம் பேச்சில் பட்டும் நகையும் மட்டும் மிஞ்சின.

ஆடம்பரத்துக்கு நாம் சொல்லும் இன்னொரு சொல்லான டாம்பிகம் இன்னும் பொல்லாதது. அது தம்பம் என்ற வடசொல்லில் பிறந்தது. தம்பம் என்றால் வஞ்சகம், போலி வேடம். சரி, ஆங்கிலக்காரன் மட்டும் என்னவாம்? 'கிளாமர்' என்பது 'கிராமர்' ஸ்கொட்லாந்து வாயில் திரிந்த வடிவம். இலக்கணம் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று சனம் நம்பிய காலம் அது. ஆகவே கிளாமர் என்றால் கண்கட்டு வித்தை. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்கொட் எழுதி எழுதி அதைப் பரப்பினார். இங்கிருக்கும் தமிழ் வாத்திமார் யாரும் இதைக் கேட்டுப் பெருமைப்பட வேண்டாம்!

ஆனால் ஆடம்பரத்தின் பழைய பொருள் நம் ஊரில் இன்னும் கேட்கிறது. எங்கள் நாட்டுக்கூத்தில் ஒருவகையான வடமோடிக் கூத்தில் ராசாவுக்கு முன்னே மத்தளம் வரும். சின்ன வயதில் வட்டக்களரி என்ற வட்டமான கூத்து மேடையின் ஓரத்தில் பாயில் நித்திரையாகிவிடுவேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ராசாவின் வரவுத் தாளத்தைத் தட்டினால்தான் முழிப்பு. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் முடியில் கண்ணாடித் துண்டுகள் பளபளக்க, இடுப்புக்குக் கீழே உடுப்பு குடைபோல விரிய, ராசா சுழன்றுகொண்டு நிற்பார்.

விடிந்த பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். முடியில் ஒட்டிய வண்ணத்தாள் வியர்வையில் கிளம்பியிருந்தது. ராசா வெறும் மேலோடு குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். கழற்றி வைத்த உடுப்பு மட்டும் ஆளில்லாமலே விரிந்து நின்றது. அதற்குப் பெயர் கரப்புடுப்பு. வாவியில் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிறோமே ஒரு கூடை, அதே கரப்பு.