"கடைக்குங்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "எங்கள் மாடி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் குடியிருக்கிறார். புத்தகம் வைத்துத் தமிழ் கற்கிறார், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்கிறார். ஆனால் படிக்கட்டில் எதிரே வந்தால் சிரித்துவிட்டு நழுவிவிடுகிறார். நாலு வார்த்தை பேச நான் எப்படிப் பழக்கலாம்?"

இப்படிக் கேட்க ஒருவர் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், சகோதரி.

புத்தகத்தில் அவர் படிப்பது "சாப்பிட்டீர்களா?". நீங்கள் கேட்பது "சாப்டாச்சுங்களா?". அவர் காதுக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் பேசுகிற மாதிரியே எழுதிக் கொடுங்கள். கொச்சை என்று தயங்க வேண்டாம், அவர் தினமும் கேட்பது அதைத்தான். உங்கள் பக்கத்தில் எல்லாவற்றிலும் "ங்க" ஒட்டிக்கொள்ளும் இல்லையா? ஆமாங்க, இல்லீங்க, சரிங்க. இந்த மூன்றையும் முதலில் கொடுங்கள். மரியாதையும் அதிலேயே வந்துவிடும்.

அப்புறம், கேள்வியின் அர்த்தம். கையில் பையைப் பார்த்த பிறகுதான் "கடைக்குங்களா?" என்று கேட்கிறோம். தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி 1923-இல் வந்த ஒரு கட்டுரையில் இதைப் பேசுகிறார். ஆங்கிலேயர் வானிலையைப் பற்றிச் சொல்வதும், மெலனீசியத் தீவுக்காரர் "எங்கிருந்து வருகிறாய்?" என்பதும், எதிரெதிரே வாய் திறக்காமல் நிற்கிற சங்கடத்தைப் போக்கத்தான் என்கிறார். இது புரியாதவர் ஒன்று, நம்மை எதற்கு விசாரிக்கிறார்கள் என்று மிரள்வார். இல்லாவிட்டால் முழு விவரமும் சொல்ல நினைத்து, வார்த்தை கிடைக்காமல் நிற்பார். "ஆமாங்க்கா" போதும் என்று சொல்லிக்கொடுங்கள். சாப்டாச்சா என்றால், "ஆச்சுங்க்கா, நீங்க?". அந்த "நீங்க?"வை மட்டும் விடாமல் பழக்குங்கள். அதுதான் அடுத்த பேச்சுக்கு வழிவிடும். கிளம்பும்போது "போறேன்" வேண்டாம், "போயிட்டு வர்றேங்க".

பாடம் என்று உட்கார வைக்காதீர்கள். தினமும் ஒரே நேரம், அதே படிக்கட்டு, இரண்டு நிமிஷம். தண்ணீர் வந்ததா, கரண்டு போனதா, துணி காய்ந்ததா, இவ்வளவுதான் விஷயம். அவர் யோசிக்கும்போது அவசரப்பட்டு இந்திக்குத் தாவாதீர்கள். நம் நல்ல மனசே அங்கே தடையாகிவிடுகிறது. "நேத்து ஊருக்குப் போறேன்" என்று சொன்னால் தப்பு என்று நிறுத்த வேண்டாம். "ஓ, நேத்து போனீங்களா?" என்று நீங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள், காதில் விழுந்துவிடும்.

இன்னொன்று. நாளைக்கு அவரைப் பார்த்ததும் ஒடியாவில் "கேமிதி அச்சந்தி?" என்று கேளுங்கள். எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். உச்சரிப்பு தப்பாகத்தான் வரும், பரவாயில்லை. திருத்தச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.