சந்தேகங்களுக்கு விளக்கம்: என் நாவலை இன்னொரு எழுத்தாளர் திருத்தலாமா?

வணக்கம் நண்பர்களே. கடந்த பத்து நாட்களாக ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பள்ளி ஆசிரியையாக இருக்கிறார். நான்கு ஆண்டுகள் உழைத்து 300 பக்கங்களுக்கு மேல் வருகிற ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறார். ஏற்கெனவே சில புத்தகங்கள் வெளியிட்டிருக்கும் எழுத்தாளர் ஒருவர், கைப்பிரதியைச் செம்மைப்படுத்திக் கொடுத்துப் பதிப்பாளரையும் தேடித் தருவதாகவும், அதற்கு 40,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். சகோதரி கேட்கிறார்: "ஐயா, நான் எழுதியதை இன்னொருவர் திருத்தினால் அது யாருடைய எழுத்து? இதற்குப் பணம் கொடுப்பது முறைதானா?"

பணம் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. 300 பக்கங்களை ஒருவர் வரிவரியாகப் படித்துக் குறிப்பு எழுதுவதென்றால் அவருடைய ஒன்றிரண்டு மாதங்கள் அதில் போய்விடும், அந்த உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட தொகைக்குள் இரண்டு வேலைகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பிரதியைச் செம்மை செய்வது ஒன்று, அதைப் பதிப்பாளரிடம் கொண்டுசேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் முதல் கேள்விதான் என் மனத்துக்கு நெருக்கமானது. திருத்திய எழுத்து யாருடையது? நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும். உதவ வருகிற எழுத்தாளர் வரிகளை அடித்து நீக்கலாம், எழுதிச் சேர்க்கக் கூடாது. ஒரு பத்தியின் மேல் கோடு போடலாம், 'இங்கே எனக்கு விளங்கவில்லை' என்று ஓரத்தில் எழுதலாம், 'இந்தப் பெண் ஏன் திடீரென்று ஊரை விட்டுப் போகிறாள்?' என்று கேட்கலாம். அதற்குரிய பதிலை எழுத வேண்டியது நீங்கள். அவர் ஒரு பத்தியை எழுதி உள்ளே வைத்த கணத்திலிருந்து நாவலில் இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும், வாசகரின் காது அதை எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு நான் எப்போதும் எடுக்கிற உதாரணத்தையே இன்றும் எடுக்கிறேன். 1921ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் லண்டனில் லாயிட்ஸ் வங்கி ஊழியர். மனம் தளர்ந்து, வங்கியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, முதலில் மார்கேட் கடற்கரையிலும் பிறகு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்திலும் தங்கி ஒரு நீண்ட கவிதையை எழுதிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பாரிஸில் அந்தப் பிரதியைத் தன் நண்பரும் அமெரிக்கக் கவிஞருமான எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். நாம் 'பாழ்நிலம்' (The Waste Land) என்று சொல்கிற கவிதை அதுதான். பவுண்ட் அதில் பக்கம் பக்கமாக அடித்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் போப்பின் பாணியில் எலியட் எழுதியிருந்த ஈரடிப் பாடல் முழுவதும் போயிற்று. போப் அதை ஏற்கெனவே மிகச் சிறப்பாகச் செய்துவிட்டார், நீங்கள் மறுபடி செய்ய வேண்டியதில்லை என்பதே காரணம். நான்காம் பகுதியில் ஒரு நீண்ட கடற்பயணம் இருந்தது. அதுவும் போய், இன்று பத்தே வரிகள் நிற்கின்றன. ஓரிரு இடங்களில் சொல்லை மாற்றும்படி அவர் குறிப்பிட்டதும் உண்டு. ஆனால் அவர் செய்த வேலையின் உடல் முழுவதும் நீக்கல்தான். 1971இல் அந்தக் கைப்பிரதி நகலாக அச்சில் வந்தது. பவுண்டின் கோடுகளையும் ஓரக் குறிப்புகளையும் நீங்களே பார்க்கலாம்.

நான் முக்கியமாகக் கருதுவது இதற்கு அடுத்து நடந்தது. இவ்வளவு வெட்டியதைப் பார்த்து மனம் கலங்கிய எலியட், மிச்சமிருக்கும் அந்தப் பத்து வரிகளையும், அதாவது கடலில் மூழ்கிய ஃபிளீபஸ் என்னும் ஃபினீஷிய மாலுமியைப் பற்றிய வரிகளையும் எடுத்துவிடலாமா என்று கடிதத்தில் கேட்டார். கூடவே கூடாது, அந்த மாலுமி கவிதைக்கு இன்றியமையாதவன் என்று பவுண்ட் பதில் எழுதினார். வெட்டுகிறவருக்கு எங்கே கையை எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். சகோதரி, உங்களுக்கு உதவ முன்வந்தவரிடம் முதல் இருபது பக்கங்களைக் கொடுத்துப் பாருங்கள். எதை நீக்கச் சொல்கிறார் என்பதோடு, எதைத் தொடக் கூடாது என்கிறார் என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவர் உங்கள் நாவலைப் படிக்கவில்லை என்று நான் சொல்வேன்.

பவுண்ட் விற்பனைக்கும் உழைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்த 'தி டயல்' இதழுக்கு அவர் பாரிஸ் நிருபர். அந்த இதழுக்கும் எலியட்டுக்கும் இடையே நடந்த பேச்சில் அவர் குறுக்கே நின்று பேசினார். 1922 நவம்பரில் கவிதை அதில் வந்தது, இதழின் 2,000 டாலர் பரிசும் எலியட்டுக்குக் கிடைத்தது. எலியட்டை வங்கி வேலையிலிருந்து விடுவிப்பதற்காக, 30 பேர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து பிரிட்டிஷ் பவுண்டு பணம் தருவது என்று ஒரு திட்டமும் போட்டார். எலியட்டுக்கு அது கூச்சமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் 1914இல், திரியெஸ்தே நகரில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவலை லண்டனின் 'தி ஈகோயிஸ்ட்' இதழில் தொடராக வரச் செய்தவரும் பவுண்ட்தான். பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரின்போது முசோலினியை ஆதரித்து ரோம் வானொலியில் யூத வெறுப்பைப் பேசிய பவுண்டை நான் ஏற்கவில்லை, அதை எந்தக் கவிதையும் ஈடு செய்யாது. ஆயினும் அடுத்தவர் எழுத்துக்காகக் கதவு தட்டுவது என்றால் என்ன என்பதை அவருடைய இளம் வயதுக் கடிதங்களிலிருந்தே நான் கற்றேன்.

நம் மண்ணில் அப்படிக் கதவு தட்டியவர் எழுத்தாளர் சி. சு. செல்லப்பா. அவரைப் பற்றி முன்பு இரண்டு காணொளிகள் பேசியிருக்கிறேன், இன்னும் பேசலாம். 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிட மாட்டேன் என்று முதலிலேயே அறிவித்தவர் அவர். அவ்வளவு சந்தாதாரர்களும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சிறிய இடத்தில்தான் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராம் என்னும் இளைஞர், பின்னாளில் நாம் கவிஞர் பிரமிள் என்று அறிந்தவர், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் இடம் பெற்றார். ஒரு வாசகராகக் கடிதம் எழுதத் தொடங்கிய வெங்கட் சாமிநாதனும் அங்கேதான் விமரிசகராக வளர்ந்தார். 1962இல் செல்லப்பா 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாக வெளியிட்டார். அச்சிட்டதோடு நிறுத்தாமல், புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

நீண்ட காலம் இந்தக் கதையை நான் தியாகத்தின் கதையாகவே மேடைகளில் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பேரின் எழுத்துக்கு வழி திறந்த அந்த மனிதர், 'சுதந்திர தாகம்' என்னும் தன்னுடைய பெரிய நாவலை முதுமையின் எல்லையில் தானே வெளியிட வேண்டியிருந்தது. 1998இல் அவர் காலமானார், அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. அடுத்தவர் பிரதிக்காக உழைப்பவருக்குக் கூலி கொடுக்காத வழக்கம் நம் இலக்கியத்தில் நெடுநாள் நிலைத்துவிட்டது. பணம் கொடுப்பது முறைதானா என்று நீங்கள் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் புத்தக மூட்டைதான். ஆகவே கொடுங்கள், ஆனால் செய்த வேலைக்குக் கொடுங்கள். பிரதியைப் படித்ததற்கு ஒரு தொகை, பதிப்பாளர் உண்மையிலேயே ஒப்பந்தம் போட்டால் அதற்கு ஒரு தொகை.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாக, கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். காலத்தையும் ராயல்டி விகிதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். என் இளமையில் ஒரு பதிப்பாளர், 200 பிரதிகளை நானே விலைக்கு வாங்கிக்கொண்டால் என் கதைகளை வெளியிடுவதாகச் சொன்னார். எனக்குச் சிபாரிசு செய்த எழுத்தாளருக்கு அந்த நிபந்தனை முன்பே தெரிந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நல்ல எழுத்தாளர், என் முதல் கதையை வாங்கிப் படித்துவிட்டுக் கடைசி இரண்டு பத்திகளைப் பென்சிலால் அடித்தார். "கதை மேலேயே முடிந்துவிட்டது தம்பி" என்றார். வேறு ஒரு சொல்லையும் அவர் தொடவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது கதை மேலேயே முடிந்திருந்தது.

சகோதரி, உங்களிடமிருந்து இன்னொரு கேள்வியையும் நான் எதிர்பார்த்தேன். உங்கள் நாவலை இன்னொருவர் திருத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். 'நான் யாருடைய கைப்பிரதியைப் படிக்கலாம்' என்று ஏன் யாருமே கேட்பதில்லை? எலியட் 1925இல் ஒரு பதிப்பகத்தில் சேர்ந்து, பிறகு நெடுங்காலம் அடுத்த தலைமுறைக் கவிஞர்களின் பிரதிகளைப் படித்தார். தான் வெட்டுப்பட்டு நின்ற அந்தக் குளிர்காலத்தை அறிந்த ஒருவர் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தார் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு. திருநெல்வேலி சுடலைமாடன் தெருவில் இருந்துகொண்டு விமரிசகர் தி. க. சி. இளம் எழுத்தாளர்களுக்கு எழுதிய அஞ்சலட்டைகள் எத்தனையோ வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கதையைப் படித்துவிட்டு அதில் எது நன்றாக இருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதுவதற்கு அவருக்குப் பெரிய வசதி எதுவும் தேவைப்படவில்லை. அடுத்தவர் பக்கத்தில் தளர்ந்த வரியைக் கண்டுபிடிக்கக் கற்ற கண், தன் பக்கத்திலும் அதைக் காணும். உங்கள் பள்ளியிலேயே கதை எழுதுகிற சக ஆசிரியரோ மாணவியோ இருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள், கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பென்சில் குறிகளோடு திருப்பி அனுப்புவேன், ஒரு வரிகூட எழுதிச் சேர்க்க மாட்டேன். அதற்குள் நீங்களும் யாரேனும் ஒருவருடைய கைப்பிரதியில் இருபது பக்கங்களைப் படித்து, எதை நீக்கச் சொன்னீர்கள், எதைத் தொடக் கூடாது என்றீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.