ஒளி எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாம் வாங்கிவந்த சீஎப்எல் மின்குமிழின் கண்ணாடிக்கு உட்பக்கம் ஒரு வெள்ளைத் தூள் பூசியிருக்கும். உடைத்துப் பார்க்க வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது. அந்தத் தூளில் சிவப்பைத் தருவது யிற்றியம் ஒட்சைட்டுப் பளிங்கில் கொஞ்சமாகக் கலந்த யூரோப்பியம். கண்ணுக்குத் தெரியாத 254 நனோமீற்றர் கழியூதாக் கதிரை வாங்கி, 611 நனோமீற்றரில் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. யூரோப்பியம் ஓர் அருமண் மூலகம். நமது புல்மோட்டை மணலிலுள்ள மொனசைட்டிலும் அந்தக் குடும்பம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பங்கு சீரியமும் இலந்தனமும்தான், யூரோப்பியம் மிகச் சொற்பம்.

இதே தூளைப் பத்து நனோமீற்றர் துணிக்கைகளாகச் செய்தால்? மங்கிப்போகும். நனோ என்று பெயர் வைத்தாலே எல்லாம் மேம்பட்டுவிடும் என்றொரு எண்ணம் இருக்கிறதே, விளம்பரக்காரர்களுக்கு அது நல்ல வசதி. ஒளிர்வில் கதை வேறு.

மங்குவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். ஒன்று செறிவு. ஒளிர்வது யூரோப்பியம்தானே என்று அள்ளிப்போட்டால், ஓரளவுக்கு மேல் ஒளி குறையத் தொடங்கும். அயன்கள் நெருங்கியதும் ஒன்று வாங்கிய சக்தி பக்கத்து அயனுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போகும் பணப்பை மாதிரி, கடைசியில் ஒரு கள்ளனிடம் சிக்கும் வரை.

மற்றது மேற்பரப்பு. 100 நனோமீற்றர் விட்டமுள்ள கோளத்தில், வெளிப்புறமாக ஒரு நனோமீற்றர் தடிப்புள்ள படை மொத்தக் கனவளவில் 6 சதவீதம்தான். 10 நனோமீற்றர் கோளத்தில் அது 49 சதவீதம்! அந்த மேற்பரப்பில் நீர் ஒட்டியிருக்கும். நீரின் ஒட்சிசன்-ஐதரசன் பிணைப்பு வேகமாக அதிர்வது. யூரோப்பியத்தின் சக்தியை மூன்று நான்கு அதிர்வுகளில் விழுங்கி வெப்பமாக்கிவிடும். சாதாரண நீரில் கரைந்த யூரோப்பிய அயனின் ஒளிர்வு ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன் நீடிக்கும். ஐதரசனுக்குப் பதில் தியூத்திரியம் உள்ள பாரநீரில் அது 4 மில்லிசெக்கன் வரை போகும். கனமான அணு மெதுவாக அதிர்வதால் விழுங்குவதும் கடினம். இந்த வித்தியாசத்தை வைத்தே ஓர் அயனோடு எத்தனை நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். தொல்லை கொடுத்தது அளவுகோலாகிவிட்டது.

என் பார்வையில், நனோ துணிக்கைகளில் இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் படிப்பதுதான் குழப்பம். அதே அருமண் குடும்பத்து எர்பியம் கலந்த புளோரைட்டுத் துணிக்கைகளில் வழமையாக 2 சதவீத எர்பியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் முழுக்க எர்பியமாகவே செய்து, மேலே ஒளிராத புளோரைட்டு உறை ஒன்றைப் போர்த்தினால் அது நன்றாகவே ஒளிர்கிறது. அப்படியானால் செறிவு செய்தது, சக்தியை மேற்பரப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும்தான். தின்றது மேற்பரப்பு.

சூடாக்கி நீரை விரட்டலாமே என்பீர்கள். விரட்டலாம். ஆனால் கடும் வெப்பத்தில் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும், பிறகு நனோ எங்கே? உறை போடுவதுதான் உருப்படியான வழி.

பல்கலைக்கழகங்களில் இத்துறையில் ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, மாதிரித் தூளைத் திறந்து வைக்காதீர்கள். பிரகாசத்தை மட்டும் அளந்து முடிவு கட்டவும் வேண்டாம். அது தூளின் அளவோடும் விளக்கின் வலுவோடும் மாறும். ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள்.