‘நல்லா இருக்கே’ என்றால் ஆர்டர் என்று அர்த்தமில்லை

(தொழில் தொடங்க விரும்பும் மாணவர்களிடையே சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வேளச்சேரியில் நறுக்கிய காய்கறி விற்கலாம் என்று தோன்றியதும் முப்பது வீடுகளில் விசாரித்தேன். “நல்லா இருக்கே, கட்டாயம் வாங்குறோம்” என்று முப்பது வீட்டிலும் சொன்னார்கள். அதை நம்பி நகையை அடகு வைத்து, பெரிய ஃப்ரிட்ஜும் பாக்கெட் சீல் போடும் மெஷினும் வாங்கினேன். விடியற்காலை கோயம்பேடு போய்க் காய் எடுத்து வந்து நறுக்கி வைத்தால், முதல் வாரம் வாங்கியது ஆறே பேர்.

மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. வாசலில் வந்து நிற்பவளிடம் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனம் வரும்? “ஒரு வாரத்துக்கு இருநூறு ரூபாய் இப்போதே தருகிறீர்களா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்போதே விஷயம் தெரிந்திருக்கும், நகையும் தப்பியிருக்கும்.

சரி, அந்த ஆறு பேரை விடவில்லை. தினமும் என்ன மீந்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். பீன்ஸ் மீந்தது, கேரட் மீந்தது. உரித்த சின்ன வெங்காயம் மட்டும் ஒருநாளும் மிஞ்சவில்லை. வழக்கமாக வாங்கும் ஓர் அக்காவிடம் காரணம் கேட்டேன். “பீன்ஸ் நறுக்க அஞ்சு நிமிஷம் போதும்மா. கால் கிலோ வெங்காயம் உரிச்சா அரைமணி நேரம் போயிடுது. ஆபீஸ் போன அப்புறமும் விரல்ல வாசனை போகலை” என்றார்.

மறுநாளே மற்ற காய்களை நிறுத்திவிட்டேன். வெங்காயம், பூண்டு இரண்டு மட்டும். அப்புறம் பக்கத்து மெஸ்ஸில் தினம் ஐந்து கிலோ கேட்டார்கள். அவர்களுக்கு எவர்சில்வர் தூக்கில் கொடுத்தாலே போதும். சீல் மெஷினைப் பாதி விலைக்கு விற்றேன்.

பெரிய கம்பெனியிலும் இதே கதைதான். இன்று சோஹோ என்று நாம் அறியும் சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் விற்றார்கள். 2001 வாக்கில் அந்தத் துறையே சரிய, வாங்க ஆள் குறைந்தது. கைவசம் இருந்த அதே வித்தையை வைத்து, அலுவலகங்களின் ஐடி பிரிவுகளுக்காக மேனேஜ்எஞ்சின் என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார்கள். 2005இல் சோஹோ என்ற பெயரில் இணையம் வழியே பயன்படுத்தும் அலுவலக சாஃப்ட்வேர் வந்தது; பிறகு அதுவே நிறுவனத்தின் பெயரும் ஆனது. வாங்குகிற ஆள் யார் என்பதைத்தான் அவர்கள் மாற்றிப் பார்த்தார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பெண் என்னிடம் பேசினாள். சிறுதானிய பிஸ்கட் போடும் மெஷினுக்காக மூன்று லட்சம் கடன் வாங்கப் போகிறாளாம். அந்த மெஷினுக்கு இப்போது அட்வான்ஸ் கொடுக்காதே, கண்ணு. உணவுப் பொருள் விற்க வேண்டிய அரசுப் பதிவான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை முடித்துக்கொள். வீட்டு ஓவனிலேயே இரண்டு கிலோ போடு. தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்காமல், உன்னை யாரென்றே தெரியாத பத்துப் பேரிடம் காசுக்கு விற்றுப் பார். அடுத்த வாரம் அவர்களில் எத்தனை பேர் தாமாகத் திரும்பி வந்தார்கள் என்று எனக்குச் சொல். அதற்கப்புறம் நாம் இருவரும் உட்கார்ந்து மெஷின் பற்றிப் பேசுவோம்.