வாடகைக்கு வந்தவர்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: சுதந்திர இந்தியாவின் பிரதமர்களில் மக்கள் மனதில் நிற்பவர்கள் நீண்ட காலம் ஆண்டவர்களா, கொஞ்ச காலமே இருந்தவர்களா? ‘கொஞ்ச காலமே இருந்தவர்கள்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, சீரியலை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் எழுதிக்கொண்டு வந்தது நான்கு பக்கம். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன் பேசிய பேராசிரியர் அண்ணன். நேரு கிட்டத்தட்ட 17 வருஷம், இந்திரா காந்தி இரண்டு தவணையுமாக 15 வருஷத்துக்கு மேல், மன்மோகன் சிங் பத்து வருஷம் என்று பட்டியல் போட்டார். நல்லது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் எங்கள் அணியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். “நீங்கள் சொல்கிற ஆட்களெல்லாம் வாடகைக்கு வந்தவர்கள். சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்குள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். ஐயா, இப்போதும் வாயைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

வாடகைக்கு வந்தவர்களாம்! அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று யார் இருந்தார்கள்? 17 வருஷம் இருந்தவரும் வாடகைதான், 13 நாள் இருந்தவரும் வாடகைதான். வீட்டுக்காரர்கள் இதோ எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். (பார்த்தீர்களா, இப்போது எனக்கும் விசில்.)

குல்சாரிலால் நந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் நேரு மறைந்தபோது 13 நாள், 1966-ல் சாஸ்திரி மறைந்தபோது இன்னொரு 13 நாள், தற்காலிகப் பிரதமர். மொத்தம் 26 நாள். நம் ஊரில் ஒரு பட்டா மாறுதல் மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் மனிதர் இரண்டு முறை பிரதமராக இருந்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு முறையும் காங்கிரஸ் கட்சி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது, இவர் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த இரண்டு தேர்விலும் முன்னால் நின்றவர் யார்? நம் காமராசர். நாற்காலியை இரண்டு தடவை அடுத்தவருக்கு இழுத்துப் போட்டவர், தான் உட்காரவில்லை. அண்ணன் கணக்குப்படி பார்த்தால் காமராசர் வாடகைக்குக்கூட வராதவர். அவரை மறந்துவிட்டோமா?

சரி, சரண் சிங். ஒப்புக்கொள்கிறேன், அவர் விஷயத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1979-ல் பதவியேற்று 23 நாளில் ராஜினாமா. நாடாளுமன்றத்தைப் பிரதமராக ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. காபந்து அரசாக அடுத்த ஜனவரி வரை ஓட்டினார். தேவ கௌடா ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை. ஆனால் 1996 டிசம்பரில் வங்கதேசத்தோடு கங்கை நீர் ஒப்பந்தம் போட்டார். அடுத்த மாதமே அசாமில் பிரம்மபுத்திரா மேல் போகிபீல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தப் பாலம் திறந்தது 2018-ல். இதை எதிரணிக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேனோ? பரவாயில்லை, அண்ணன் குறித்துக்கொள்ளட்டும். ஆணி அடிக்கவில்லை என்றாரே, அதற்குச் சொன்னேன்.

இப்போது லால் பகதூர் சாஸ்திரி. மொத்தம் 19 மாதம். இந்திய உணவுக் கழகம் 1965-ல் வந்தது அவர் காலத்தில். அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். குஜராத்தில் ஆனந்த் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இரவு தங்கி, பால் கூட்டுறவு எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். அடுத்த வருஷமே தேசிய பால்வள வாரியம். இன்றைக்குக் காலையில் காபி குடித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் நன்றி சொல்லுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது கார் கதை.

பிரதமருக்கு அரசாங்கம் ஒரு இம்பாலா கார் கொடுத்திருந்தது. நீளமென்றால் நீளம், முன்பக்கம் வீட்டுக்குள் போன பிறகும் பின்பக்கம் தெருவில் நிற்கும். வீட்டில் வயசுப் பையன்கள். ஒருநாள் மகன்களில் ஒருவர் அப்பாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு வந்தார். அந்த மகனே பிற்காலத்தில் சொன்ன கதை இது. இரவில் பூனை மாதிரி வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டார். காலையில் அப்பா கூப்பிட்டார். நம் வீடாக இருந்தால் இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்? செருப்பு பறந்திருக்கும். இல்லையென்றால், “எம் புள்ள இம்பாலா ஓட்டுறான்” என்று அப்பாவே தெருவெல்லாம் சொல்லியிருப்பார். சாஸ்திரி இரண்டும் செய்யவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார். “நேற்று ராத்திரி வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது?” என்று கேட்டார். டிரைவர் சொன்னார், 14 கிலோமீட்டர்.

“சொந்த உபயோகம் என்று எழுதிக்கொள்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. 14 கிலோமீட்டருக்கு என்ன காசோ அதை அரசாங்கத்தில் கட்டிவிடச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், பாகிஸ்தானோடு போருக்குப் போன பிரதமர், தேசத்தில் சோற்றுக்குப் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருக்கிற நேரம். அந்தத் தலைவலிகளுக்கு நடுவே 14 கிலோமீட்டர்! நடுவர் அவர்களே, நீங்கள் வந்த கார் வெளியே நிற்கிறது. அதில் உங்கள் பையன்... வேண்டாம், விட்டுவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அரசாங்க வண்டி கல்யாண மண்டப வாசலில் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? பள்ளிக்கூட வாசலில், துணிக்கடை வாசலில்? எத்தனை 14 கிலோமீட்டர்! எந்த நோட்டில் யார் எழுதினார்கள், சொந்த உபயோகம் என்று?

முன்வரிசை ஐயா ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? “1965 மொழிப் போராட்டம் அவர் காலத்தில்தானே?” ஆமாம், அவர் காலத்தில்தான். துப்பாக்கிச் சூட்டில் நம் பிள்ளைகள் செத்தார்கள். சி. சுப்பிரமணியமும் அளகேசனும் மந்திரிப் பதவியை ராஜினாமா செய்த பிறகுதான், பிப்ரவரியில் வானொலியில் பேசினார், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று. தாமதம்தான். அதை மூடி மறைத்துவிட்டு இந்த மேடையில் அவரைப் பற்றிப் பேச எனக்கு மனசு வராது.

சரி, கார். வீட்டுக்கு என்று சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஃபியட் விலை 12,000 ரூபாய். பிரதமர் வங்கிக் கணக்கில் இருந்தது 7,000. மீதி 5,000-க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார். உள்துறை மந்திரியாக இருந்தபோதே இவருக்குச் சொந்த வீடு கிடையாது. ‘வீடில்லாத உள்துறை மந்திரி’ என்று கேலி செய்வார்களாம். அண்ணே, நீங்கள் வாடகைக்கு வந்தவர் என்று சொன்னீர்களே, அது நிஜமாகவே வாடகைக்கு இருந்த மனிதரைப் போய்!

1966 ஜனவரி 11, தாஷ்கண்ட். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட இரவே மாரடைப்பு. உடல் வந்தது. பின்னாலேயே அந்த 5,000 ரூபாய்க் கடனும் வீட்டுக்கு வந்தது. அதைக் கட்டியது அவர் மனைவி லலிதா அம்மா, தன் பென்ஷன் பணத்தில். அந்த ஃபியட் டெல்லியில் அவர் நினைவில்லத்தில் இருக்கிறது, போனால் பாருங்கள்.

தாய்மார்களே, இதையும் கேளுங்கள். 1956 நவம்பர். அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். நம் ஊர் ஜனங்கள். ஊருக்கு மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்கள். பாலத்தைக் கட்டியது சாஸ்திரியா? மழையைக் கொண்டுவந்தது சாஸ்திரியா? அவர் டெல்லியில் ரயில்வே மந்திரி. அதே வருஷம் மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தார், நேரு வாங்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். தப்பு அவருடையது என்பதற்காக அல்ல, அது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டு ஏற்றார். உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர், முகம் தெரியாத அரியலூர் ஜனங்களுக்காகப் பதவியை விட்டார். எங்கள் பாட்டி அந்த ரயில் கதையைச் சொல்லும்போது கடைசியில் “அந்தக் குட்டை மனுசன்” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவளுக்கு இந்தியாவின் பிரதமர்கள் வேறு யார் பேரும் வரிசையாகத் தெரியாது.

மணி அடித்துவிட்டீர்கள். வி.பி. சிங் 11 மாதத்தில் மண்டல் பரிந்துரையையும் காவிரி நடுவர் மன்றத்தையும் கொண்டுவந்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எங்கள் அணியில் அடுத்து வருகிற தங்கை அதைப் பார்த்துக்கொள்ளும். வணக்கம்.